டீசல் டேங்கில் கிருமி: டிஎன்ஏ சோதனையை எந்த இடத்தில் நம்பலாம்?

வந்த கேள்வி இது: "எங்கள் மருத்துவமனையில் இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. தரைக்கு அடியில் 10,000 லிட்டர் டேங்க். முன்போலக் கரன்ட் போவதில்லை என்பதால் டீசல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. கடந்த நான்கு மாதத்தில் மூன்று முறை ஃபில்டர் அடைத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் கறுப்பாகக் கோழை மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒரு நிறுவனத்தார், டிஎன்ஏ சோதனை செய்தால் இரண்டு மணி நேரத்தில் எந்தக் கிருமி, எவ்வளவு என்று சொல்லிவிடுவோம் என்கிறார்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரோ, சோதனையெல்லாம் எதற்கு, மருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

மருந்தை இன்றைக்கே ஊற்ற வேண்டாம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஃபில்டரில் கறுப்பாக ஒட்டுவதெல்லாம் கிருமி ஆகிவிடாது. நீண்ட நாள் கிடக்கும் டீசல் காற்றுப் பட்டுத் தானாகவே கெடும். பிசின் போல ஒரு வண்டல் உண்டாகும். அதுவும் கறுப்பாகத்தான் இருக்கும், அதுவும் ஃபில்டரை அடைக்கும். அந்த வண்டலுக்குக் கிருமிநாசினி ஊற்றினால் காசுதான் வீண். சரி, கிருமியே என்று வைத்துக்கொண்டாலும், மருந்து பட்டதும் டேங்கின் சுவரிலும் அடியிலும் படலமாக ஒட்டியிருப்பது செத்து, உரிந்து, டீசலோடு கிளம்பி ஃபில்டருக்குத்தான் வரும். மருந்து ஊற்றிய அடுத்த சில நாட்களில் அடைப்பு முன்னைவிட மோசமாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில், கரன்ட் போன நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சோதனை வேண்டும். டிஎன்ஏ சோதனையும் ஒருமுறை செய்வது நல்லதே என்பதுதான் என் கருத்து. ஆனால் அதற்கு முன் மாதிரியை எங்கிருந்து, எப்படி எடுக்கிறார்கள் என்பதை நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டும். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கிருமி எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

டீசலில் எதாவது உயிர் வாழுமா என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். டீசலுக்குள் அவை பெருகுவதில்லை. டீசலுக்கு அடியில் தேங்கும் தண்ணீரில் பெருகுகின்றன. டீசல் அவற்றுக்குச் சாப்பாடு, தண்ணீர் வீடு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்தக் கோட்டில்தான் கூட்டம் அதிகம். டீசலிலும் மண்ணெண்ணெயிலும் விமான எரிபொருளிலும் பத்து முதல் பதினெட்டு கார்பன் அணுக்கள் வரை கோத்த நேர்ச் சங்கிலி மூலக்கூறுகள் நிறைய இருக்கின்றன. நுண்ணுயிர்களுக்கு அவை எளிதில் செரிக்கும். பெட்ரோலில் உள்ள சிறிய மூலக்கூறுகள் அவற்றின் சவ்வையே கரைத்துவிடும் என்பதால் அங்கே தொல்லை குறைவு. தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்கிறீர்களா? ஒரு பாக்டீரியாவின் நீளம் ஒன்றிரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் அதற்குக் கிணறு.

அந்தத் தண்ணீர் வர ஓட்டை எதுவும் தேவையில்லை. டீசலில் கொஞ்சம் தண்ணீர் கரைந்தே இருக்கும். சூடாக இருந்தால் அதிகம் கரையும், குளிர்ந்தால் வெளியே தள்ளும். டிகிரிக்குச் சுமார் 1 முதல் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த டேங்கர் லாரியிலிருந்து 10,000 லிட்டர் இறங்கி, தரைக்கடியில் 10 டிகிரி குளிர்ந்தால் 100 முதல் 200 மில்லி தண்ணீர் தானாகவே பிரிந்து அடியில் உட்காரும். காற்றுக் குழாய் வழியாக ஈரக்காற்று உள்ளே போவது தனி. போதாததற்கு, எரிபொருளைத் தின்று செரிக்கும்போது நுண்ணுயிர்களே தண்ணீரையும் உண்டாக்குகின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பாரஃபின் மீது பூஞ்சை வளர்வதை மியோஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1895லேயே எழுதியிருக்கிறார். ஆனால் உலகம் கவலைப்பட ஆரம்பித்தது ஜெட் விமானங்கள் வந்த பிறகு, 1950களிலும் 60களிலும். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் டேங்கில் பழுப்புப் பாய் போலப் படர்ந்து, அமிலத்தைச் சுரந்து, அலுமினியத்தை அரித்த ஒரு பூஞ்சை அப்போது பேர் வாங்கியது. மண்ணிலும், கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய மரத்திலும் சாதாரணமாக இருப்பதுதான் அது. விமானத் துறையில் இன்றும் அதை ஹார்மோகோனிஸ் ரெசினே என்றே சொல்வார்கள். இப்போதைய அறிவியல் பெயர் அமார்ஃபோதீகா ரெசினே. சுமார் 30 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும். நம் ஊர் டேங்குகளில் அதற்குக் குறை ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க நெடுங்காலமாக இருந்த ஒரே வழி, வளர்த்துப் பார்ப்பது. சிறிய பாட்டிலில் ஊட்டமுள்ள ஜெல் இருக்கும். அதில் மாதிரியைச் சில சொட்டு விட்டுக் குலுக்கி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் உயிருள்ளவை புள்ளி புள்ளியாக வளரும், எண்ணிக்கொள்ளலாம். தரமுறைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பின் டி7978 இதற்குத்தான். மலிவு, எவரும் செய்யலாம், உயிருள்ளதை மட்டும் காட்டும். குறை என்னவென்றால் பாக்டீரியாவுக்கு இரண்டு முதல் நான்கு நாள், பூஞ்சைக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அந்த ஜெல் யாருக்குப் பிடிக்கிறதோ அவை மட்டுமே அதில் வளரும். ஆக்சிஜன் பட்டால் வளராதவை, வேறு ஊட்டம் கேட்பவை எல்லாம் கணக்கிலேயே வராது.

அப்புறம் ஏடிபி சோதனை வந்தது. உயிருள்ள எந்தச் செல்லிலும் இருக்கும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி. மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் நொதியை அதோடு சேர்த்தால் வெளிச்சம் வரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு உயிர். பத்து நிமிட வேலை. யார் என்று சொல்லாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி ஒன்றும் இருக்கிறது. அந்த ரெசினே பூஞ்சையையும் வேறு சில பூஞ்சை, பாக்டீரியாக்களையும் கால் மணி நேரத்தில் கோடு போட்டுக் காட்டும். விமான நிலையங்களில் இது நிறையப் புழங்குகிறது, ஏனென்றால் விமானத்தை ஒரு வாரம் நிறுத்திவைத்துப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது உங்களிடம் வந்திருக்கும் டிஎன்ஏ சோதனைக்கு வருவோம். பெரும்பாலும் இது டிஎன்ஏவைப் பெருக்கி அளவிடும் க்யூபிசிஆர் முறைதான். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே அடிப்படை. மாதிரியை மிக நுண்ணிய வடிதாளில் வடிப்பார்கள். செல்கள் தாளில் தங்கும். அவற்றை உடைத்து டிஎன்ஏவை வெளியே எடுப்பார்கள். பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது, லேசில் உடையாது. கண்ணாடி மணிகளோடு போட்டு வேகமாகக் குலுக்கி உடைப்பார்கள். இந்தப் படியில் சோம்பினால் பூஞ்சை குறைவாகவும் பாக்டீரியா அதிகமாகவும் தெரியும்; அறிக்கையில் அது குறையாகவே தெரியாது. எந்த முறையில் செல்லை உடைக்கிறீர்கள் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு தகவல்.

பிறகு நமக்கு வேண்டிய மரபணுத் துண்டை மட்டும் பெருக்குவார்கள். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் மரபணுவைத் தேர்ந்தெடுத்தால் மொத்த பாக்டீரியாவும் கணக்கில் வரும். பூஞ்சைக்கு வேறு துண்டு. ஒரு குறிப்பிட்ட இனத்துக்கே உரிய துண்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த இனம் மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகும். 30 சுற்று போனால் ஒன்று 107 கோடி ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ பிரியக் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் அழியாத நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் 1960களில் கண்ட ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. கேரி மல்லிஸ் 1983இல் இந்தப் பெருக்கும் முறையை யோசித்தார். 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஊற்றில் பாசி மாதிரி கிடந்த ஒன்றை ஒருவர் குனிந்து பார்த்திருக்காவிட்டால் இன்று நீங்கள் கேட்கும் இந்தச் சோதனை இந்த வடிவத்தில் இருந்திருக்காது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

எண்ணிக்கை எப்படி வருகிறது? பெருகும் டிஎன்ஏ ஒளிரும்படி ஒரு சாயம் சேர்த்திருப்பார்கள். ஒளி ஒரு அளவைத் தாண்ட எத்தனை சுற்று ஆனது என்று கருவி குறித்துக்கொள்ளும். முதலில் நிறைய இருந்தால் சீக்கிரம் தாண்டும், கொஞ்சம் இருந்தால் தாமதமாகும். பத்து மடங்கு வித்தியாசம் என்பது சுமார் 3.3 சுற்று. உங்கள் அறிக்கையில் 20 என்று ஒரு மாதிரியும் 30 என்று இன்னொன்றும் வந்தால், முன்னதில் ஆயிரம் மடங்கு அதிகம் என்று பொருள். எண் குறைந்தால் கிருமி அதிகம். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்தச் சூடாக்கிக் குளிர்விக்கும் சுற்றே இல்லாமல், ஒரே வெப்பத்தில், 60 முதல் 65 டிகிரியில், பெருக்கும் லாம்ப் என்ற முறை ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் வெளியிட்டது. கருவி எளிமையாக இருக்கும் என்பதால் கையில் எடுத்துப் போகும் பெட்டிகளுக்கு இது பொருத்தம். இரண்டு மணி நேரம் என்கிற கணக்கு இந்தக் கருவி உங்கள் வளாகத்துக்கே வந்தால்தான். மாதிரியைக் கூரியரில் வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள் என்றால் இரண்டு மணி நேரம் என்பது கருவியின் நேரம். உங்கள் கைக்கு முடிவு வர நான்கு நாளும் ஆகலாம். அப்படியானால் ஜெல் பாட்டிலே அதே நேரத்தில் பாதிப் பதிலைத் தந்துவிடும்.

இனி, இந்தச் சோதனை எங்கே ஏமாற்றும் என்று சொல்கிறேன். விற்க வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

செத்ததற்கும் உயிருள்ளதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. செல் செத்தாலும் டிஎன்ஏ உடனே அழிவதில்லை. மருந்து ஊற்றிய அடுத்த வாரம் டிஎன்ஏ சோதனை செய்தால், வேலை முடிந்த டேங்கிலும் "அதிகம்" என்றே வரலாம். அதைப் பார்த்து இன்னொரு தடவை மருந்து ஊற்றுவார்கள். செத்த செல்லின் டிஎன்ஏவை மட்டும் ஒரு சாயத்தால் பூட்டி, பெருகாமல் தடுக்கும் வழி இருக்கிறது. எரிபொருள் மாதிரியில் அதை எல்லோரும் செய்வதில்லை. மருந்துக்குப் பின் பார்க்க வேண்டியது ஏடிபியோ ஜெல் பாட்டிலோதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டீசலின் மிச்சம், துரு, சாயம் ஆகியவை டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியின் வேலையைக் கெடுக்கும். அப்போது கிருமி நிறைய இருந்தும் "இல்லை" என்று வரும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு குழாயிலும் தெரிந்த அளவு வேற்று டிஎன்ஏவைச் சேர்த்துவைப்பார்கள். அது பெருகாவிட்டால் சோதனையே செல்லாது. அந்தக் கட்டுப்பாட்டு முடிவு அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல வெற்றுச் சோதனை ஒன்றும் வேண்டும்: மாதிரியே இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்வது. டிஎன்ஏ பிரிக்கும் ரசாயனங்களிலேயே பாக்டீரியாவின் டிஎன்ஏ சிறிதளவு கலந்திருப்பது ஆய்வகங்களில் நன்றாகத் தெரிந்த விஷயம். வெற்றுச் சோதனையில் வருகிற அளவே உங்கள் மாதிரியிலும் வந்தால், நீங்கள் பார்ப்பது டேங்கை இல்லை, ரசாயனப் புட்டியை.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். 16எஸ் மரபணு ஒரு பாக்டீரியாவில் ஒன்றும் இருக்கலாம், பத்துக்கு மேலும் இருக்கலாம். எரிபொருளில் அடிக்கடி காணும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் நான்கு. ஆகவே "லிட்டருக்கு நான்கு லட்சம் நகல்" என்றால் நான்கு லட்சம் செல் ஆகாது. விமான எரிபொருளில் வளர்ப்புச் சோதனைக்கு விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏடிஏவின் வழிகாட்டலில் லிட்டருக்கு 4,000 காலனி (ஜெல்லில் வளரும் புள்ளி) வரை சரி, 20,000க்கு மேல் கடுமை என்று எல்லைகள் வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை எடுத்து டிஎன்ஏ அறிக்கையோடு ஒப்பிட்டுப் பயந்துபோய் எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஏஎஸ்டிஎம்மில் எரிபொருளுக்கான க்யூபிசிஆர் வழிகாட்டியே டி8412 என்ற எண்ணில் இருக்கிறது. அதைப் பின்பற்றுகிறீர்களா என்று கேட்கலாம். ஆனால் உங்கள் டேங்குக்கு எது அதிகம் என்பதை உங்கள் டேங்கின் பழைய கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் செய்யச் சொல்கிறேன்? யார் என்பது தெரிந்தால் காரணம் தெரியும், சில சமயம் காரணம் நாம் நினைக்காத இடத்தில் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. கந்தகம் குறைந்த டீசல் வந்த பிறகு, 2007க்கு அப்புறம், பங்க்குகளின் தரைக்கடி டேங்குகளில் உலோகப் பகுதிகள் விசித்திரமாகத் துருப்பிடிக்கின்றன என்ற புகார் கிளம்பியது. துரு டீசலுக்குள் மூழ்கிய இடத்தில் மட்டும் இல்லை. டீசலுக்கு மேலே, காற்று இருக்கும் பகுதியிலும் காபிப்பொடி தூவியது போலத் துரு. பாட்டெல் என்ற ஆய்வு நிறுவனம் ஆறு இடங்களில் மாதிரி எடுத்து, ரசாயனப் பகுப்பாய்வோடு டிஎன்ஏவையும் பார்த்து, 2012இல் அறிக்கை கொடுத்தது. அவர்கள் முன்வைத்த விளக்கம்: அசெட்டோபாக்டர் வகை பாக்டீரியா எத்தனாலைத் தின்று அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகராக மாற்றுகிறது, அந்த அமிலம் ஆவியாகி டேங்க் முழுக்கப் பரவி அரிக்கிறது. டீசல் டேங்கில் எத்தனால் எப்படி வந்தது? எத்தனால் கலந்த பெட்ரோலைக் கொண்டுபோன லாரியிலேயே டீசலையும் கொண்டுவருகிறார்கள். ஒட்டியிருக்கும் மிச்சமே போதும். பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 42 டேங்க் அமைப்புகளை நேரில் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் 83 சதவீதத்தில் நடுத்தர அல்லது கடுமையான அரிப்பு இருந்தது. அந்த உரிமையாளர்களில் கால்வாசிப் பேருக்கும் குறைவானவர்களுக்கே அது முன்பே தெரிந்திருந்தது.

சாதாரண ஜெல் பாட்டிலில் வளர்த்துப் பார்த்திருந்தால் "பாக்டீரியா இருக்கிறது" என்பதோடு நின்றிருக்கும். லாரியைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நம்மிடமும் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். உங்களுக்கு டீசல் கொண்டுவரும் லாரி இதற்கு முந்தைய நடையில் எதை ஏற்றியது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆக்சிஜன் இல்லாத அடித்தண்ணீரில் சல்பேட்டைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன; அவை ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். இரும்போடு சேர்ந்து கறுப்பாகும் கோழைக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். சாதாரண பாட்டிலில் இவை வளராது. டிஎன்ஏவில் இவற்றுக்கே உரிய மரபணு ஒன்று இருப்பதால் நேராகப் பிடித்துவிடலாம். டேங்கைச் சுத்தம் செய்ய ஆட்களை உள்ளே இறக்கப் போகிறீர்கள் என்றால் அந்த வாயு உள்ளே இருக்கலாம் என்பது முன்கூட்டியே தெரிவது நல்லது. முடிவு எப்படி வந்தாலும் சரி, வாயு அளவிடாமல், காற்றோட்டம் இல்லாமல், மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் எவரையும் உள்ளே இறக்காதீர்கள். நம் ஊரில் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்களின் கணக்கு போதும்.

மாதிரி எடுப்பதற்கு வருகிறேன். ஓர் இடத்தில் ஒன்பது மாதம் தொடர்ந்து சோதனை "சுத்தம்" என்று வந்தது. ஆனால் ஃபில்டர் அடைப்பு நிற்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். எப்படி மாதிரி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஜெனரேட்டருக்குப் போகும் குழாயில் உள்ள வால்வைத் திறந்து பிடிப்போம் என்றார்கள். அந்தக் குழாயின் வாய் டேங்கின் அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. தண்ணீர் நிற்பதோ அதற்குக் கீழே. ஒன்பது மாதமும் அவர்கள் சோதித்தது டேங்கிலேயே நல்ல டீசலை. அடியில் விட்ட குப்பியில் முதல் தடவையே இளநீர் வழுக்கை மாதிரிப் படலம் வந்தது. அந்த மாதச் சோதனைகளுக்குச் செலவழித்த பணத்தில் டேங்கை இரண்டு முறை சுத்தம் செய்திருக்கலாம். அங்கே ஒருவரும் அலட்சியமாக இல்லை. சோதனை நவீனமாக இருந்ததால் மாதிரியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மாதிரி டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து வர வேண்டும். டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று டிப் ராடில் (ஆழம் பார்க்கும் கம்பியில்) தண்ணீர் காட்டும் பேஸ்ட் தடவி இரண்டு முனையிலும் விட்டுப் பாருங்கள். பங்க்குகளில் தினமும் செய்கிற வேலைதான். லாரி இறக்கிய அன்று எடுக்காதீர்கள், கலங்கியிருக்கும். ஒரு நாள் விட்டு எடுங்கள். கிருமி நீக்கிய குப்பி, கையுறை, ஐஸ் பெட்டி. வெயிலில் வண்டி சீட்டில் அரை நாள் கிடந்த குப்பிக்குள் கிருமி பெருகிவிடும். பிறகு வருகிற எண் உங்கள் டேங்குடையது ஆகாது. தண்ணீர் வந்தால் தண்ணீரையும், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள டீசலிலும் ஒன்று எடுங்கள், ஒப்பிடுவதற்கு. இந்த மாதிரி எடுப்பதற்கென்றே ஏஎஸ்டிஎம் டி7464 இருக்கிறது என்பதிலிருந்தே இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மருந்தைப் பற்றி உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி 26ஆம் தேதி லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய டைட்டன் ஏர்வேஸின் ஏ321 விமானம் ஒன்றில், மேலே ஏறியவுடன் ஒரு இன்ஜின் வெடிச்சத்தத்தோடு திணறியது. அடுத்த இன்ஜினிலும் கோளாறு அறிகுறி வந்தது. விமானிகள் மேடே என்ற அவசர அழைப்பைச் சொல்லித் திருப்பி, சில நிமிடங்களில் பத்திரமாக இறக்கினார்கள். அதற்கு முன்பு நடந்த பராமரிப்பில் எரிபொருள் டேங்குக்கு கேத்தான் என்ற கிருமிநாசினி ஊற்றியிருந்தார்கள். பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு கண்டுபிடித்தது: சொன்ன அளவைவிட 38 மடங்கு. பிபிஎம் கணக்கில் ஏற்பட்ட பிழை. அடுத்த மாதமே அதைத் தயாரித்த நிறுவனம் விமான எரிபொருளுக்கு அதை விற்பதை நிறுத்திக்கொண்டது.

உங்கள் அளவில் சொன்னால், 100 பிபிஎம் என்பது 10,000 லிட்டருக்கு 1 லிட்டர். 38 மடங்கு என்றால் 38 லிட்டர். ஒரு கேன் மருந்தைக் கண்ணளவாக ஊற்றுகிற கையில் இந்தத் தவறு எத்தனை சுலபமாக நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டேங்கின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடாமல், அன்று உள்ளே இருக்கும் டீசலை வைத்துப் போட வேண்டும். அதையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும். குறைவாக ஊற்றினாலும் கெடுதல்தான். சாகாமல் தப்பியவை திரும்பப் பெருகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வரிசையில் செய்வேன். முதலில் மாற்று ஃபில்டர் ஒரு டஜனாவது வாங்கிவைப்பேன், ஏனென்றால் இனி என்ன செய்தாலும் கொஞ்ச நாளுக்கு அடைக்கும். அடி மாதிரியை மேலே சொன்னபடி எடுத்து, ஒரு பகுதியை ஏடிபிக்குக் கொடுத்து, இன்னொரு பகுதியை டிஎன்ஏவுக்கென்று எடுத்துவைப்பேன். ஏடிபி பத்து நிமிடத்தில், இது கிருமியா வெறும் பிசினா என்ற கேள்வியைத் தீர்த்துவிடும். பிசின்தான் என்றால் டிஎன்ஏவுக்குச் செலவழிக்காமல் அங்கேயே நிறுத்தி, டீசலின் தரத்தைச் சோதிக்கக் கொடுப்பேன். கிருமிதான் என்றால் மொத்த பாக்டீரியா, மொத்தப் பூஞ்சை, சல்பேட்டைப் பயன்படுத்தும் வகை, அசிட்டிக் அமில வகை, இந்த நான்கு மட்டும் பார்க்கச் சொல்வேன். நூறு இனங்களின் பெயரோடு வண்ணப் படம் போட்ட அறிக்கை அழகாக இருக்கும். மருத்துவமனைக்கு அது தேவைப்படாது.

பிறகு அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்து, டீசலை வெளியே சுற்றவிட்டு வடிகட்டி, டேங்கின் சுவரைச் சுத்தம் செய்த பிறகே மருந்து. படலம் இருக்கும்போது ஊற்றினால் மேல்தோலில்தான் படும். இந்த வேலை நடக்கும் நாட்களில் ஜெனரேட்டர்களுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்கில் புது டீசல் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்குப் பின் இரண்டு வாரம் கழித்து ஜெல் பாட்டில் வைத்து உயிர் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். டிஎன்ஏவை அப்போது தொட வேண்டாம். மூன்று மாதம் போனபின் ஒருமுறை செய்து, அந்த எண்ணை டேங்கின் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே ஆய்வகம், அதே இடத்து மாதிரி. பத்து மடங்கு ஏறினால் தண்ணீரைத் தேடுங்கள்.

தண்ணீர் பார்ப்பதோ வாரம் ஒருமுறை. பேஸ்ட் டியூப் ஒன்று நாளைக்கே வாங்கி, ஜெனரேட்டர் பார்க்கும் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்.